எரியாத தண்ணீர்

காரில் கழுவக் கஷ்டமான இடம் சக்கரம்தான் ஐயா. மற்றதையெல்லாம் சோம்பேறிகூடத் துடைத்துவிடுவான். சக்கரத்தில் மட்டும் பிரேக் தூள் சூட்டோடு சூடாகப் படிந்து, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். சோப்புக்கு மசியாது. அதற்கென்று ஓர் அமிலம் இருக்கிறது. பார்த்தால் பச்சைத் தண்ணீர். அடித்துக் கழுவினால் அந்தச் சக்கரத்தில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம். எங்கள் கார் கழுவும் கடை வாசலில் காக்காய்கள் வரிசையில் நின்று தலை வாரிக்கொண்டு போகும். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் சுபாவம். இனிமேல் குறைத்துக்கொள்கிறேன்.

கடை இப்போது என் மகனுடையது. நான் ஓய்வு பெற்று, வாசலில் நாற்காலி போட்டு, வேலை செய்கிறவர்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அமிலம் கொண்டுவரும் வியாபாரி முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இது மேல பட்டா உடனே எரியாது. அதுதான் இதோட கெட்ட புத்தி. நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுப் படுப்பீங்க, அது தோலுக்குள்ள இறங்கி எலும்பைத் தின்னுட்டிருக்கும். பட்டா உடனே கழுவி, இந்தக் களிம்பைத் தேய்ச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. என்ன அமிலம்னு டாக்டர்கிட்ட சொல்லணும். சொல்லலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

இனி என் சம்பந்தி, அதாவது மருமகளைப் பெற்றவர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். கடைக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் தூண்டில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு ஜோலி கிடையாது. அவர் பேச ஆரம்பித்தால் சுவர்க் கடிகாரமே பொறுக்காமல் ஒரு சுற்று வேகமாக ஓடும். கடைத் தண்ணீர் அந்தக் குளத்தில்தான் விழுகிறது. பள்ளத்துக்குத்தானே தண்ணீர் போகும், மாடிக்கா ஏறும். மீன்கள் மல்லாந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"சம்பந்தி, உங்க கடைத் தண்ணி விஷம். நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். கடையை மூடினாத்தான் குளம் பிழைக்கும்."

"அப்பா, அது உங்க மாப்பிள்ளை கடைப்பா," என்றாள் மருமகள்.

"மாப்பிள்ளை வேற தொழில் பார்ப்பார். மீன் வேற குளம் பார்க்க முடியுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் என் மகனுக்கு வேறு தொழில் தெரியாது.

"விஷமா இல்லையான்னு கையை விட்டே பார்த்துடலாமே சம்பந்தி," என்றேன். "நானும் விடறேன். எரிஞ்சா நாளைக்கு நானே உங்களோட ஆபீசுக்கு வரேன். எரியலைன்னா நீங்க இந்தப் பேச்சை விட்டுடணும்."

எல்லோரும் கடைக்குப் போனோம். நான் மட்டும் உள்ளே போய் இரண்டு வாளி நிரப்பிக் கொண்டுவந்தேன். ஒன்றில் வெறும் சோப்புத் தண்ணீர். இன்னொன்றில் அமிலம், கொஞ்சம் தாராளமாக, மேலே சோப்பு நுரை. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே குளத்துக்குப் போகும் சோப்புத் தண்ணீர்தான் என்றேன். ஆளுக்கொரு வாளியில் முழங்கை வரை கையை விட்டோம்.

"எரியுதா சம்பந்தி?"

"இல்லையே." அவர் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

"இன்னும் கொஞ்ச நேரம் வைங்க. அப்புறம் சந்தேகம் வரக் கூடாது பாருங்க."

வைத்தார், வீம்புக்காரர். குடும்பமே சிரித்தது. மருமகள்கூட, "மீனுக்கு வேற ஏதோ வியாதிப்பா," என்றாள். அவர் கையை என் துண்டால் நானே துடைத்துவிட்டேன். நாங்கள் மரியாதை தெரிந்த குடும்பம்.

சாயங்காலம் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "மாமா, அப்பா எலும்பு நொறுங்குற மாதிரி வலிக்குதுன்னு கத்தறார். மேல பார்த்தா ஒண்ணுமே தெரியல, லேசா வெளுத்திருக்கு. வாளியில என்ன இருந்ததுன்னு டாக்டர் கேட்கறார்."

களிம்பு என் சட்டைப் பையில்தான் இருந்தது. கண்ட இடத்தில் கிடந்தால் யாராவது எடுத்துவிடுவார்களே என்று மத்தியானமே எடுத்து வைத்திருந்தேன்.

"சோப்புத் தண்ணிம்மா. நானும்தானே விட்டேன், என் கை நல்லாத்தானே இருக்கு."

பெரியவர்கள் சொன்னால் நம்புகிற பெண். அப்படியே டாக்டரிடம் சொன்னாள். விடிவதற்குள் சம்பந்தியின் இதயம் நின்றுவிட்டது. ஏதோ அமிலம் உள்ளே இறங்கி ரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தைத் தின்று இதயத்தை நிறுத்திவிட்டது என்று டாக்டர் பிற்பாடு கண்டுபிடித்தாராம். படித்தவர்தான், கொஞ்சம் நிதானமாகப் படிக்கிறவர். அப்புறம் போலீஸ் ஜீப்பில் நீங்கள் வந்து வாளிகளை எடுத்துப் போனீர்கள். கார் கழுவியே தலை நரைத்தவன் ஒரு வாளியைக் கழுவ மறந்திருக்கிறேன். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் அந்த வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன். தெரிந்தேதான் சோப்பு என்றேன். கடைக்கு சீல் வைத்துவிட்டீர்கள், மகனும் மருமகளும் என் முகத்தில் விழிப்பதில்லை. யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. எரியுதா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். சபையில் அப்படிச் சொன்ன மனுஷன், அப்புறம் செத்துப்போய்ப் பேச்சு மாறலாமா?