ஒரே கார்டு, ரெண்டு அட்ரஸ்

காலையில் ஐயப்பன்தாங்கலில் கிளம்பிய அம்பத்தூர் பஸ். என் முன் சீட்டில் பட்டு வேட்டிக்காரர் ஒருவர், மடியில் லேப்டாப். பக்கத்தில் அவரோடு வேலை செய்யும் நண்பர்.

"நேத்து செத்த சர்வரோட அட்ரஸைப் புதுசுக்குக் குடுத்துடு மச்சான்," என்றார் நண்பர். என் காது அங்கே போய்விட்டது.

"புதுசுக்குத்தான் ஏற்கெனவே ஒரு ஐ.பி. அட்ரஸ் கீதே?"

"இருக்கட்டுமே. லினக்ஸ்ல ஒரே நெட்வொர்க் கார்டுக்கு ரெண்டு குடுக்கலாம். கம்பெனியில லேபிள் அடிக்கிற நாப்பது மெஷினும் பழைய அட்ரஸைத்தான் தேடிக்கினு கீது. அம்பத்தூர் போய் ஒவ்வொண்ணா மாத்தினா சாயங்காலம் ஆயிடும். பத்தரைக்கு மாங்காட்டுல உன் பொண்ணுக்குக் காதுகுத்து. அப்பன் நீ இல்லாமயா?"

வேட்டிக்காரர் ஒரு வரி தட்டினார். விரல் நின்றது. "மொத அட்ரஸ் அழிஞ்சிடாதே?"

"மாத்தினாத்தான் அழியும். நீ சேர்க்கத்தானே சொல்ற? தட்டு."

தட்டினார். இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல்: "சார், லேபிள் வருது! எல்லா மெஷின்லயும் வருது!"

"சர்வர் அணைஞ்சி ரீபூட் ஆனா இது போயிடும்டா. நிரந்தரமா நிக்க கான்ஃபிக் ஃபைல்லயும் எழுதணும்," என்றார் வேட்டிக்காரர்.

"அத நான் எழுதிக்கிறேன். நீ எறங்கு மொதல்ல."

லேப்டாப்பை நண்பர் மடியில் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அடுத்த ஸ்டாப்பில் குதித்தார். ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே போனில் கத்தியது பஸ் முழுக்கக் கேட்டது: "ஆசாரிய நிறுத்தி வை, வந்துகினே கீறேன்!"