ராணி குளித்த தொட்டி

ஆம்பூர்ப் பக்கம் பழைய இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். புத்தகமும் படமும் அப்புறம். மத்தியானத்தில் பாலாற்று மணல் காலைப் பொசுக்கிவிடும். மலையடிவாரம் முழுக்க நெருஞ்சி. இதை என் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

சர்வே ஆபீஸ் வரைபடத்தையும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மலையும் ஏரியும் அதில் பிசகாது. ஆனால் எந்தக் கரையில் நடுகல் சாய்ந்து கிடக்கிறது, எந்தப் பாறையில் எழுத்து வெட்டியிருக்கிறது என்று அதில் தேடினால் கிடைக்காது. வெள்ளைக்காரர்கள் எழுதிய ஜில்லா புத்தகங்களில் வேலூர்க் கோட்டைக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. ஆம்பூர் என்று வந்தால் தோல், ரயில் ஸ்டேஷன், அதோடு சரி. அதனால்தான் நான் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதி, கடைசியில் என் கையால் வரைந்த படத்தையும் சேர்த்தேன். அட்டையில் கோதண்டபாணி என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர். விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. சோற்றைப் பிசைய முடியாமல் அம்மாதான் உருட்டிக் கொடுப்பாள். ரயில் எங்கள் ஊரை நெருங்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். இந்த ஊருக்கு நாற்றத்தைத் தவிர இன்னொன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா?

அந்த இன்னொன்று மலையடியில் கிடைத்தது. முள்காட்டுக்குள் கல் கட்டிய தொட்டிகள், வரிசையாக. மற்றதெல்லாம் தூர்ந்துபோயிருந்தது. ஒன்றில் மட்டும் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எல்லம்மாவைக் கேட்டேன்.

"இங்க ராஜா ராணி யாராவது குளிச்சாங்கன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களாம்மா?"

"ராணியா?"

"ராணிதான்."

"நீ சொன்னா குளிச்சிருப்பா நைனா. வெத்திலை இருந்தா குடு."

ஊர் ஜனங்களின் வாய்மொழி வழக்கு என்று எழுதிக்கொண்டேன். எந்த ராணி என்று கேட்டால் சொல்வதற்கில்லை. காலத்தில் பெயர் அழிந்துபோன ராணி என்று போட்டேன். படத்தில் அந்த இடத்துக்கு மட்டும் சிவப்பு மசி.

புத்தகம் போகவில்லை. வேலூர் லாங் பஜாரில் முனீர் அகமது பாய் கடையில் வைத்திருந்தேன். "பஞ்சாங்கம் ஜாஸ்தி போவுது. உன்னுது அதுக்கு அடியில பத்திரமா இருக்குது, கவலைப்படாதே" என்று சிரிப்பார். போய்ப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சாங்கம் புதிதாக இருக்கும். என் புத்தகம் பழையதாக இருக்கும்.

அப்போதுதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளூரைச் சுற்றிப் பார்த்துப் படிக்க, நல்ல புத்தகங்களையும் படங்களையும் சிபாரிசு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். சிபாரிசு கிடைத்தால் ஜில்லா முழுக்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில் நான் வரைந்த படம் தொங்கும். என் புத்தகத்தைச் சரிபார்க்கும் வேலையை டிராயிங் மாஸ்டர் தேவசகாயத்திடம் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம். எங்கள் தெருப் பையன். என்னைவிடச் சின்னவன், அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். பாதிரியார் கொடுத்த சைக்கிளில் வந்து என் புத்தகத்தை வரிவரியாகப் படித்தான். நடுகல், பாறை எழுத்து எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, சரி என்றான். தொட்டி மட்டும் பாக்கி.

மழை விட்ட ஒரு சாயங்காலம் இருவரும் போனோம். படத்துக்கு அளவெடுக்க நான் எப்போதும் கொண்டுபோகிற மூங்கில் கோல் கையில் இருந்தது. அவன் குனிந்து, பேனாக்கத்தியால் கல் இடுக்கைச் சுரண்டினான். வெள்ளையாக உதிர்ந்தது. மோந்து பார்த்தான்.

"இன்னாணா இது, ராணி சுண்ணாம்புலயா குளிச்சா?"

"பழைய காலத்துச் சாந்துடா அது."

"சாந்தா? எங்க மாமா இங்கதான் மயிர் சொரண்டினாரு. ஷாப்பு நொடிச்சுப் போனதும் கூரையைப் பிரிச்சுக்கினு போய்ட்டாங்க. உனக்குத் தெரியாதா? உங்கப்பன் எறங்காத குழியா?"

நான் கோலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காதே. ராணியைத் தூக்கிடு. சுண்ணாம்புக் குழின்னே போடு, நான் சிபாரிசு பண்றேன். பசங்க வந்து பாக்கட்டும், நம்ம ஜனம் எதுல நின்னு சாப்பிட்டாங்கன்னு."

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் ஐயா. தோலுக்கு மயிர் சுரண்டின குழியைப் பார்க்க எந்த ஊர்ப் பிள்ளை முள்காட்டில் நடந்து வரும்? வந்து மூக்கைப் பொத்திக்கொள்ளவா?

உள்சுவரில் சுண்ணாம்பு படிந்த கோட்டைக் காட்ட அவன் இன்னும் கொஞ்சம் எட்டிக் குனிந்தான். நான் தோளில் கை வைத்தேன். பலமாக ஒன்றும் இல்லை. கல் பாசி பிடித்திருந்தது.

உள்ளே விழுந்தவன் ஒருதரம் முங்கி எழுந்து, கால் ஊன்றி நின்றுவிட்டான். தண்ணீர் கழுத்து மட்டும்தான் இருந்தது. நான் தள்ளினேன் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. தலையெல்லாம் பச்சைப் பாசியோடு சிரித்தான்.

"பாருணா, நிக்கிறேன். கழுத்து ஆழம்தான். எல்லாச் சுண்ணாம்புக் குழியும் இதே அளவுதான். கோலை நீட்டு, பிடிச்சுக்கினு ஏறிடறேன்."

கோலை நீட்டினேன். அவன் கைக்கு நீட்டவில்லை. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்து, என் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு நின்றேன். கோபமாக இருந்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. ஆட்டுக்கு அடைப்பு கட்ட முளை அடிக்கிறவனுக்கு என்ன கோபம்? இரண்டு கையாலும் கோலைப் பிடித்துத் தள்ளினான். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு அப்பி வெள்ளையாக இருந்தது. ஒருமுறை மேலே வந்து அண்ணா என்றான். கோல் நல்ல முற்றின மூங்கில், வளையவில்லை.

பாசியில் வழுக்கி விழுந்தான் என்று ஊரில் சொன்னேன். நம்பினார்கள். அவன் அம்மா கெங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட நீயாச்சும் இருந்தியே சாமி" என்று அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். கமிட்டி வேறு ஆளைப் போட்டது. அவர் வேலூர்க்காரர், தோலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். வீட்டில் உட்கார்ந்தபடியே சிபாரிசு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் பதிப்பு அச்சாகிவிட்டது.

எல்லாம் ஒழுங்காக முடிந்த வேளையில்தான் இந்தப் பேஜார். ஆள் செத்த இடம், பிள்ளைகள் வந்தால் ஆபத்து என்று சொல்லி, வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து தொட்டியை மூடப்போகிறார்களாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் நானாக இங்கே நடந்து வந்தேன். நீங்கள் ஆள் அனுப்பி நான் வரவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொட்டிமேல் பழி போடக்கூடாது, ஐயா. அது யாரையும் கொல்லவில்லை. நான் கோலை எடுத்திருந்தால் அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்திருப்பான். கழுத்தில் கோலை வைத்து அழுத்தியது நான்தான். குமிழி அடங்கும்வரை அழுத்தினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தொட்டியை மூட வேண்டாம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

புத்தகத்திலும் மாற்ற ஒன்றுமில்லை. இரண்டாம் பதிப்பில் தொட்டியைப் பற்றி ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: சாதாரணக் குழி அல்ல, ஓர் ஆள் முழுதாக மூழ்கும் ஆழம் உடையது. அதை யாரிடமும் கேட்டு எழுதவில்லை. கூட நின்று, கண்ணால் பார்த்து எழுதினேன்.