காலியான மாடி போர்ஷன்

வாடிப்பட்டியில் பஸ் கிளம்பியதிலிருந்து எனக்கு முன்சீட்டில் ஒரே பெருமைப் பேச்சு. பேசியவர் ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தாவாம். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"நாகமலையில நம்ம மாடி போர்ஷன்ல ஒரு சிங்களப் பையன் தங்கிப் படிச்சான். கொழும்புல நம்ம ஆள்கள வீட்டோட கொளுத்துனாய்ங்கன்னு பேப்பர்ல பாத்தேன். அன்னைக்கே காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"அந்தப் பையன் என்னண்ணே பண்ணுனான்?"

"அவன் நாட்டு கவர்மெண்டு பண்ணுனா அவனும் பண்ணுன மாதிரித்தான்."

என் பக்கத்தில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த விவசாயி முன்னால் குனிந்தார்.

"சார், எமர்ஜென்சியில எங்க ஊருக்கு ஜீப்போட வந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கு ஆள் பிடிச்சது நீங்கதான? கல்யாணமாகி ஒரு மாசங்கூட ஆகாத என் தம்பியையும் ஏத்திட்டுப் போனீங்க."

"அது கவர்மெண்டு ஆர்டர்யா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"சரித்தான் சார். மாடி போர்ஷன் காலியாத்தான கெடக்கு? என் தம்பிக்கு வாடகைக்கு விடுங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டே பேருதான். பிள்ளைகுட்டி தொந்தரவு என்னைக்குமே இருக்காது."