எண்பத்தேழில் ஒரு பங்கு

மாத்தே இலைத் தேநீர் குடித்து முடித்ததும் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து அதைக் காயப்போடுங்கள். பொம்மை ரயில் பாதை ஓரத்து மண்ணுக்கு அதைவிட நல்ல சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் சங்கத்தில் ஜெர்மனியிலிருந்து டப்பாவில் வரும் புல்லை வாங்கிப் பெருமையடித்தவர்கள்கூட, கடைசியில் மாத்தே சக்கைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் மேசையில் மாத்தே குடுக்கையைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

சான் எலோய் ஊரில், நிஜ ரயிலைக் குட்டியாகச் செய்து ஓட்டும் மாதிரி ரயில் சங்கத்தில் காட்சி அமைப்பது என் வேலை. ஆண்கள் எஞ்சினையும் ஒயரையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். மேடு, பள்ளம், மரம், வேலி, வீட்டுக்குப் பின்னால் கொடியில் காயும் உள்பாவாடை, எல்லாம் என் கை. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. செய்து முடித்ததும் அதைப் போட்டோ எடுப்பதும் நான்தான். அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மேலிருந்து எடுத்தால் பொம்மை தெரியும். கேமராவைக் காட்சியில் நிற்கும் குட்டி மனிதனின் கண் உயரத்துக்கு இறக்கி எடுத்தால் ஊர் தெரியும். அதற்காக நான் தரையில் குப்புறப் படுப்பேன். சங்கத் தலைவர் ஒத்தாவியோ லான்ஃப்ராங்கி, "ஏம்மா நேலி, தண்டவாளத்துல தலை குடுக்கிறவ மாதிரியே படுக்கிறியே, வீட்ல ஏதாவது சண்டையா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். மனிதருக்குத் தெரிந்த நகைச்சுவை அது ஒன்றுதான்.

அது ஜூலை மாதம். நம் பக்கம் ஜூலைதான் நடுக் குளிர்காலம், வெயில் சீக்கிரம் சாய்ந்துவிடும். பாலம் வைத்த காட்சியை, ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சங்கக் கொட்டகைக்கு வெளியே தூக்கிவந்து, நிஜ வானத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு. கேமரா ஸ்டாண்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன். என் மகன் ஃபபியானுக்குப் போன் செய்து எடுத்துவரச் சொன்னேன். காரில் வந்தான். ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கும் ரயில்வே கேட்டில் ரயில் அவன் மேல் மோதியது. எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டவர் எவாரிஸ்தோ பெலாயோ. எங்கள் ஊர்க் கேட் பாதிச் சாலையைத்தான் மறைக்கும். வளைத்து ஓட்ட மனசிருந்தால் ஓட்டலாம். இழவு வீட்டுக்கு அவர் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. கூடம் நிறைய ஆட்கள். எல்லோர் எதிரிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"டோன்யா நேலிடா, நான் கேட்டை இறக்கிட்டேன். தம்பி கண்ணாடியை இறக்கி, 'கோவிச்சுக்காதீங்க டோன் எவாரிஸ்தோ, அம்மா காத்துக்கிட்டிருக்கு, வெயில் போயிடுச்சுன்னா என்னை உயிரோட விடாது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வளைச்சுப் போச்சு. நான் கத்தினேன். கடைசியில உங்க பேச்சுத்தாம்மா அது வாயில."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். அதை நான் மறுக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் நாத்தனார் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர் வாயிலிருந்தே இதைத் திரும்ப வாங்கவேண்டும் என்று. என் மகனை அவன் பெற்ற தாயின் கணக்கில் எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் சூப் குடிப்பது நியாயமாகப் படவில்லை.

முதல் விசாரணையில் அவர் சொன்னதை நம்பினார்கள். வேறு சாட்சி இல்லை. நான் வாய் திறக்கவில்லை. கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் வேலையை ஆரம்பித்தேன்.

ஒரு பலகை. அதில் தண்டவாளம், சாலை, கேட், கேட்காரரின் குடிசை, நான்கு தந்திக் கம்பங்கள், குளிரில் கருகிய புல். சாலையின் வெடிப்பைக்கூட விடவில்லை. தினமும் அந்தக் கேட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன். எவாரிஸ்தோ பாவம், எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவார். "உக்காருங்கம்மா. அழணும்னா அழுங்க, நான் அந்தப் பக்கம் போயிடுறேன்" என்பார். அவர் போனபிறகு குடிசைக் கதவின் அகலத்தைக் கையால் அளந்துகொள்வேன்.

அதிக நாள் பிடித்தது அவரைச் செய்யத்தான். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரம். இடது தோள் சற்று இறங்கியிருக்கும், அதைக் கொண்டுவர எத்தனையோ எவாரிஸ்தோக்களைக் குப்பையில் போட்டேன். கழுத்துத் துண்டு, காதை மூடும் தொப்பி, முழங்காலுக்கு நடுவே மாத்தே குடுக்கை. குடிசை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பின்னால் ரயில் வருகிறது. கேட் தூக்கியிருக்கிறது. அவர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஜூலை வரை காத்திருந்தேன், வெயிலின் சாய்வு அதேபோல இருக்கவேண்டுமே. மொட்டை மாடியில் பலகையை வைத்து, லென்ஸ் துளையை ஊசி நுழையும் அளவுக்குச் சுருக்கினேன். அப்போதுதான் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் துலங்கும். ரயில் ஓடுவதுபோலத் தெரிய, படம் பதிகிற நேரத்தில் அதை விரலால் ஒரு முடியளவு தள்ளிவிட்டேன். கேமராவில் இருந்தது பழைய ஃபிலிம் சுருள்தான். அதற்கு முந்தைய படம், விபத்தன்று காலை சமையலறையில் ஃபபியான் வாய் நிறைய ரொட்டியோடு சிரிப்பது. அதன்பிறகு அந்தச் சுருளை நான் தொடவே இல்லை. அதனால் அடுத்த படம் அதே நாளில் எடுத்தது என்று சொல்ல நான் அதிகம் சிரமப்படவில்லை.

அன்று போன் செய்துவிட்டு கேமராவோடு கொட்டகைக்கு வெளியே போனது உண்மைதான். கிடங்குச் சுவரைத் தாண்டினால்தான் கேட் தெரியும். நான் தாண்டவில்லை. தாண்டினேனா இல்லையா என்று யாரும் பார்க்கவும் இல்லை. படத்தைக் காட்டி வழக்கை மறுபடி திறக்கவைத்தேன். வளைவில் வந்த ரயிலை எங்கள் சங்கத்துக்காகப் படம் எடுத்ததாகவும், சுருளைக் கழுவிப் பார்க்க ஒரு வருடமாக மனசு வரவில்லை என்றும் சொன்னேன். நீதிபதி தன் கைக்குட்டையை எடுத்து எனக்குக் கொடுத்தார். நிபுணர் ஒருவர் நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எங்கும் வெட்டு ஒட்டு இல்லை என்று சத்தியம் செய்தார். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு படத்தை எவாரிஸ்தோ கையில் கொடுத்தார்கள். அதற்காகத்தான் அத்தனையும் செய்தேன், இன்ஸ்பெக்டர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நான்தான்," என்றார். "என் துண்டுதான். ஆனா... ரயில் வர்ற நேரத்துல நான் உக்காரவே மாட்டேனே."

"உட்கார்ந்திருக்கிறீர்களே," என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. உக்காந்திருக்கேன்." படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். "அப்ப நான் கேட்டை இறக்கலையா? தம்பி என்கிட்ட பேசுச்சே... பேசலையா?"

அவர் மனைவி செல்மிரா பின்வரிசையிலிருந்து, "எவாரிஸ்தோ, நீ இறக்கினேய்யா! ஏன் உளர்றே?" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "படம் இருக்கேடி," என்றார்.

தீர்ப்பு ஆனதும் அவரைச் சிறைக்கு அழைத்துப்போகும்போது என் முன்னால் நின்றார். "மன்னிச்சிடுங்க டோன்யா நேலிடா. தம்பி சாவுக்கு நான்தான் காரணம். உங்க மேல பழியைப் போட்டேன்." மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். என் நாத்தனார் பக்கத்தில்தான் இருந்தாள், நன்றாகக் கேட்டிருக்கும். அன்று இரவு, மகன் போனபிறகு முதல் முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

சிறையில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. சாவுக்குக் காரணம் நெஞ்சுவலி என்று மருத்துவர் எழுதினார். சாப்பாட்டைத் தொடுவதை விட்டுவிட்டார் என்று செல்மிரா ஊரெல்லாம் சொன்னாள். நான் கல்லறைக்குப் பூ அனுப்பினேன்.

செல்மிராதான் படம் வந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஒத்தாவியோவிடம் போயிருக்கிறாள். எங்கே நின்று எடுத்தது என்று கேட்க. ஒத்தாவியோ அதுவரை அந்தப் படத்தைப் பார்க்க மறுத்தவர். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நேலி, இதுல கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"தந்திக் கம்பம் நாலு நிக்குது. ஒண்ணுக்கொண்ணு நடுவுல கம்பியே இல்ல."

"நாமதான் யாரும் கட்டுறதில்லையே," என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் கவனித்தேன். மாதிரி ரயிலில் கம்பங்களுக்கு இடையே நூல் கட்டினால், படத்தில் தேர்வடம்போலத் தடியாகத் தெரியும். அதனால் நாங்கள் யாரும் கட்டுவதில்லை. பார்த்துப் பார்த்து, கம்பியில்லாத கம்பம்தான் எங்கள் கண்ணுக்குச் சரியாகப் படும். தினமும் அந்தக் கேட்டில் நின்று நிஜக் கம்பியைப் பார்த்த எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. நிபுணரும் நீதிபதியும் கேட்டை மட்டும் பார்த்தார்கள்.

ஒத்தாவியோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ போன் பேசினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன் நேலி. 'பறந்து வா, வெயில் போனப்புறம் நீ வந்து என்ன கிழிக்கப்போறே'ன்னு கத்தினே."

"அப்படிச் சொல்லல."

"சொன்னே. அந்தக் கிழவன் பொய் சொல்லல."

அவர் நேராக இங்கே வந்துவிட்டார். என் மேல் கோபம் வேண்டாம் என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் போனார். கோபமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். படம் நான் செய்தது. கேட் மூடித்தான் இருந்தது. கேட்டை இறக்கும்போது எவாரிஸ்தோ மணி அடிப்பார். அன்றும் அடித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று என் காதால் கேட்டேன். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். எத்தனை இடத்தில் வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஒத்தாவியோ சொன்னதைக் கேட்டு அந்தப் போன் பேச்சை எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் என் மகனிடம் பேசியது எனக்குத் தெரியாதா? "அவசரமில்லப்பா, வெயில் இன்னும் நிறைய இருக்கு, மெதுவா வா" என்றுதான் சொன்னேன்.