வெள்ளைத் தட்டு

நான் போடும் தேநீரில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் பிடிக்கும். ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவள் பட்டத்துக்காக உழைத்தாள், நான் சம்பளத்துக்காக. என் பட்டம் கல்யாணத்தோடு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கண்ணாடித் தட்டுகளில் ஒரு பூஞ்சையை வளர்த்தாள். சர்க்கரை இருக்கும்வரை அது வெள்ளையாகப் படர்ந்துகொண்டே போகும். சர்க்கரை தீர்ந்து பசி வந்தால், பச்சை வித்துப் போடும் மரபணுக்கள் விழித்துத் தட்டே பச்சையாகிவிடும் என்பது எங்கள் பேராசிரியரின் பல வருடக் கருத்து. பசி மட்டும் போதாது, வெளிச்சமும் பட வேண்டும் என்றாள் இவள். பட்டினி போட்டு முழு இருட்டில் வைத்த தட்டுகள் வெள்ளையாகவே இருந்தன. கருத்தரங்கில் அவள் அதைக் காட்டியபோது அரங்கமே கை தட்டியது. வீட்டில் மாமனார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "உனக்கும் படிப்பு இருந்துச்சேம்மா, என்ன பிரயோஜனம்?" என்று என்னிடம் சிரித்தபடி கேட்டார். நானும் சிரித்தேன்.

பிறகு பேராசிரியர் அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். இம்முறை தட்டுகள் பச்சையாக வந்தன. மறுமுறையும் பச்சை. முதலில் காட்டிய முடிவு பொய்யா என்று அவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். அவள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டது நான்தான்.

கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தார். இருட்டு அலமாரியைப் பூட்டி, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்க வேண்டும்; அவள் அந்தப் பக்கமே வரக்கூடாது. யாரிடம் கொடுக்கலாம் என்று அவளையே கேட்டார்.

"எங்க அண்ணிகிட்டயே குடுங்க சார். அவங்க எனக்கு இன்னொரு அம்மா."

தினமும் அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அலமாரிக்குப் போவேன். கதவைத் திறந்து, முந்தைய இரண்டு முறையும் செய்ததுபோலவே கைபேசி விளக்கைக் கொஞ்ச நேரம் காட்டுவேன். அவ்வளவுதான். பூஞ்சைக்கு அது தாராளம். எல்லாத் தட்டும் பச்சை. பித்தலாட்டக்காரி என்று பெயர் வாங்கி வெளியேறினாள். பார்த்திருந்த வரனும் கைநழுவிப்போனது.

மேசையில் என் பக்க இழுப்பறையில் கறுப்புத்தாள் சுற்றிய தட்டு எப்படி வந்தது என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். அதே தொகுதியில் ஒன்றை வெளிச்சம் படாமல் ஒளித்து வைத்திருந்தேன். அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? நானும் படித்தவள்தானே. பிரித்துப் பார்த்தேன், பால்போல வெள்ளை. அன்று எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. மறுபடியும் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறையிலேயே கிடக்கிறாள். யாரோடும் பேச்சில்லை. நான் ஊட்டினால் மட்டும் வாய் திறக்கிறாள். பெற்றவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். சீக்கிரம் போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?