கழுத்தளவுத் தண்ணீரில் நாலு கட்டை

ஆர்மோனியத்தைக் கடற்கரைக்கு எடுத்துப் போகக் கூடாது. மணல் புகுந்தால் துருத்தி பாழாகிவிடும். தெரிந்துதான் எடுத்துப் போனேன், பழைய வேட்டி இரண்டைச் சுற்றிக்கொண்டு. நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார், விடிகாலை மாமல்லபுரத்தில் ஆர்மோனியத்துக்கு என்ன வேலை என்று. நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். டீ சொல்வதானால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என் பெயர் சம்பத். ரயில்வேயில் கார்டாக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனவன். செங்கல்பட்டில் ஹயாத் பாஷா நடத்துகிற மெல்லிசைக் குழுவில் வெகுகாலமாக நான்தான் முதல் பாடகன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எங்கே மைக் கட்டினாலும் சினிமாப் பாட்டு என் குரலில்தான் வரும். நான் பாடினால் படாளத்தில் நடவு நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நாற்றே கொஞ்சம் நிமிரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் நரசிம்மன் வந்து சேர்ந்தார். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்களே, அங்கே கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். குடத்துக்கு வெளியே தண்ணீரைப் பார்த்ததே இங்கு வந்த பிறகுதான்.

அவர் பாட்டைப் பற்றி நடுநிலையோடு சொல்கிறேன். இசைத்தட்டில் பாடியவர் எந்தச் சுருதியில் பாடினாரோ அதே சுருதியில்தான் தானும் பாட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் தெறிக்கத் தெறிக்கத் தெருவில் நடப்பதுபோல. மூச்சை நெஞ்சுக்கு மேலேயே நிறுத்திக்கொள்வார்; அது அரை வரிக்குக் காணாது. பாட்டில் 'வெண்ணிலா' வந்தால் 'வெண்' ஒரு மூச்சு, 'ணிலா' ஒரு மூச்சு. மேலே ஏறும்போது கழுத்து நரம்பு மைக் ஒயர் தடிமனுக்குப் புடைக்கும். அச்சரப்பாக்கம் கல்யாணத்தில் அந்தச் சத்தத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக் குதிரை நடுத்தெருவில் படுத்தது. மறுநாள்தான் எழுந்ததாகக் கேள்வி. எமர்ஜென்சி வந்து ரயில்கூட நேரத்துக்கு ஓடுகிறது, இவர் தாளம் மட்டும் லேட்.

ஆனால் ஜனம் கைதட்டியது. ஒன்ஸ்மோர் கேட்டது. பெரிய உத்தியோகம், சலவைச் சட்டை, சுருட்டை முடி. கச்சேரி கேட்க வருகிறவர்களுக்குக் காது எதற்கு, கண் போதும்.

அந்த அச்சரப்பாக்கத்திலேயே ஹயாத் பாஷா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சம்பத் அண்ணாத்த, தப்பா நெனச்சிக்காத. ஒனக்கு மூச்சு வாங்குது. நீ பாட சொல்லோ ஜனம் பந்திக்கு எந்துச்சி போய்கினு கீது. இனிமே நீ ஆர்மோனியப் பொட்டி வாசி, போதும். பாட்ட சார் பாத்துக்குவாரு."

"பந்தி போட்டா எந்திரிக்கத்தாம்பா செய்வாங்க."

"அவரு பாட சொல்லோ எல காயுதே அண்ணாத்த. போட்ட சோறு ஆறிகினு கீது."

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பெட்டி இல்லாமல் பாட்டு ஏது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். என் மனைவி சகுந்தலாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவளுக்கு எதையும் மிகைப்படுத்திப் பேசுகிற பழக்கம்.

பிறகு நரசிம்மனே என்னைத் தேடி வந்தார். அவர்கள் குடியிருப்பில் ஆண்டு விழா, முழு நிகழ்ச்சியும் அவர் பாட்டுதான்.

"சம்பத் சார், மூச்சு பத்தலைன்னு எனக்கே தெரியுது. எங்க ஆபீஸ் ஆளுங்க முன்னாடி குரல் உடைஞ்சிட்டா, அதோட நான் மைக்கையே தொட மாட்டேன். மூச்சுக்கு ஒரு வழி பண்ணுங்க. எனக்கு எது சரியான கட்டைன்னு நீங்கதான் சொல்லணும்."

கட்டை என்றால் சுருதி. ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று பெட்டியில் ஏறிக்கொண்டே போகும்.

பெரிய பாகவதர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சாதகம் செய்வார்கள். தண்ணீர் வயிற்றை அழுத்தும். அதைத் தள்ளிக்கொண்டு பாடப் பாட, மூச்சு அடிவயிற்றிலிருந்து வரப் பழகும். அவர்கள் ஆற்றிலும் குளத்திலும் நின்றார்கள். நான் கடல் என்றேன். அலைக்கும் ஈடுகொடுத்தால் வயிறு இரண்டு மடங்கு பலப்படும் என்று விளக்கினேன். கணக்கு படித்தவர், உடனே ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சவுக்குத் தோப்பைத் தாண்டி ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தேன். மீன் கூடையோடு அந்த வழியாக வந்த வேண்டா என்கிற அம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னா சாமி, ஆள கடல்ல எறக்கிப் பாட வெக்கிற? இந்தாண்ட அடில மண்ணு சரிஞ்சி கீது. கொஞ்சம் உள்ள போனா மடுவு. இழுத்துகினு பூடும்."

"முட்டிக்கு மேல போகமாட்டாரும்மா," என்றேன். ஆக, அவள் உங்களிடம் சொன்னது முழுக்க உண்மை.

முழங்கால் தண்ணீரில் அவரை நிறுத்தி, ஏதோ ஓர் ஆரம்பம் வேண்டுமே என்று ஒரு கட்டையைப் பிடித்தேன். அவர் பாடினார்.

இந்த இடத்தை நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு நன்றாக இருந்தது. குரல் இறங்கி, கனிந்து, சொல் உடையாமல், வரி முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. வேண்டா தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"இன்னொருக்கா பாடு நைனா," என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் பாட்டுக்கு யாரும் கூடையை இறக்கி வைத்ததில்லை. அவருக்குச் சரியான சுருதி அந்த ஒரு கட்டைதான். மூச்சுக்கும் வேறு வைத்தியம் தேவையில்லை. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

"எப்படி சார் இருந்தது?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"எரும கத்தின மாதிரி இருந்தது. இது உங்க கட்டை இல்ல சார். ஏத்தணும்."

சிரிப்பு போய்விட்டது. என்னை நம்பினார். வேண்டாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனாள். அவள் மறைந்ததும் ஒன்றரைக்கு ஏற்றினேன். சுருதி ஏறினால் ஆழமும் ஏற வேண்டும் என்றேன். எந்த வித்வானும் அப்படிச் சொன்னதில்லை, நான்தான் சொன்னேன். இரண்டில் இடுப்பளவு. இரண்டரையில் நெஞ்சளவு, குரல் கிழியத் தொடங்கியது. மூன்றில் தண்ணீர் கழுத்தைத் தொட்டது.

"சம்பத் சார், காலுக்கடியில மண்ணு நகருது."

"அது நகரத்தான் சார் செய்யும். நீங்க மூச்ச விட்டுடாதீங்க. வயித்துலேருந்து குடுங்க. இன்னும் ஒரே ஒரு எட்டு."

ஆர்மோனியத்தில் மூன்றுக்கு அப்புறம் மூன்றரை கிடையாது, நேராக நாலுதான். நான் நாலைப் பிடித்தேன். அவர் எட்டு வைத்தார். அங்கே தரை இல்லை.

முழுகி மேலே வந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை நாள் வராத மூச்சு அப்போதுதான் வந்தது, நேராக அடிவயிற்றிலிருந்து. நாலு கட்டையின் உச்சமான மேல் ஷட்ஜம், நூலளவு பிசகில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் கட்டுமரக்காரர்கள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சத்தம் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். கொடுக்கவில்லை.

பொறாமை என்று எழுதினீர்களானால் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வயதில் எனக்கென்ன பொறாமை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது சுருதி சற்று இறங்கியிருந்தது. மூன்றாவது, அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அதற்கப்புறம்தான் துருத்தியிலிருந்து கையை எடுத்தேன். பாடுகிறவர் முடிக்காமல் சுருதியை நிறுத்துவது மரியாதை இல்லை.