நாணயத்தில் ஒரு கை

— இந்தக் கை யாருதுன்னு சொல்லு பாப்போம்.

— பெட்டிய மூடுங்கக்கா. மேடையில வச்சுத்தான் தெறக்கணுமாம். அதிகாரி பாத்தா தப்பா நெனப்பாரு.

— நெனைக்கட்டும். நம்ம ஊர்ப்பக்கத்து நாட்டுப்புறப் பாட்டுக்கு மரியாதைன்னு நாணயம் போட்டிருக்காங்க. அதுல உன் மூஞ்சி இருக்கு, கன்னத்து மச்சம் கூட இருக்கு. தோள் மேல ஒரு கை, மணிக்கட்டோட நின்னு போச்சு. யாரு கை?

— உங்க கைதான்.

— அப்பாடா, ஒரு சாட்சி கெடச்சுது. பேப்பர்ல வந்த படத்தப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு, "சின்னவ தோள்ல துண்டு போட்டிருக்காளே"ன்னாரு. இருபது வருஷமா அந்தத் துண்டு போட்ட சோத்தத்தான் தின்னாரு.

— நானாக்கா வெட்டச் சொன்னேன்?

— நீ ஏன் சொல்லணும்? வட்டம் சின்னது, ரெண்டு பேரு கொள்ளாது. யாரு வெளிய போகணும்? மூத்தவ. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். வந்த அன்னிக்கு உனக்கு ஒரு பாட்டாவது தெரியுமா?

— தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.

— அடியெடுத்துக் குடுக்கறது நான். நீ அவசரப்பட்டா தோளத் தட்டி நிறுத்தறது நான். வாயத் தெறந்து நிக்கறது மட்டும் நீ.

— அது எல்லாருக்கும் தெரியும்க்கா.

— இன்னிக்கு இருக்கறவனுக்குத் தெரியும். நாம மண்ணாப் போன பிறகு ஒருத்தன் இத எடுத்துப் பாப்பான். அவன்கிட்ட யாரு போய்ச் சொல்லுவா?

— நீங்க எடுத்துக் குடுக்காட்டி எனக்கு ஒரு வரி கூட வராது. இன்னிக்கு மட்டும் வந்துடுங்கக்கா.

— தனியாப் போய்ப் பாடு. நாணயத்துல தனியாத்தானே பாடற.

— அம்மா, உள்ள வரலாமா? இன்னும் பத்து நிமிஷத்துல கூப்பிடுவோம்.

— வாங்க அதிகாரி சார். கை மட்டும் வந்தாப் போதுமா, மிச்ச ஒடம்பும் மேடைக்கு வரணுமா?

— எனக்கும் அது வருத்தம்தாம்மா. மொதல்ல வரைஞ்ச படத்துல ரெண்டு பேரு முகமும் இருந்துச்சு. சம்மதக் கையெழுத்து இல்லாம யாரு முகத்தையும் போடக் கூடாது. ரெண்டு பேருக்கும் தனித்தனியாக் கடிதம் அனுப்பினோம். உங்களுது கையெழுத்தோட திரும்பி வரல. விருப்பமில்ல போலன்னு விட்டுட்டோம். கையவாவது வைங்கன்னு நான்தான் மல்லுக்கட்டினேன். சரிம்மா, தயாரா இருங்க.

— அக்கா. அவரு போயிட்டாரு.

— பழுப்பு உறை. முத்திரையெல்லாம் குத்தி வந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் நீ உன் கடிதத்த நெஞ்சுல அணைச்சுக்கிட்டு ஓடி வந்து, "என் மூஞ்சி நாணயத்துல வரப் போகுதுக்கா"ன்ன. எனக்கு வந்தது, வந்து கை தட்டுன்னு கூப்பிடற அழைப்பா இருக்கும்னு நெனச்சேன். பிரிக்காமலே கிழிச்சு அடுப்புல போட்டேன். என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டு, இத்தன நாளா உன்ன வறுத்தெடுத்திருக்கேன். மனசுல வச்சுக்காத. எந்திரி, ஒரு வாய் தண்ணி குடி. நானே எடுத்துக் குடுக்கறேன்.

— உக்காருங்கக்கா.

— கூப்பிடப் போறாங்கடி.

— அவங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சு. உங்க போன் கெடைக்கலயாம். "அக்கா கையெழுத்து இன்னும் வரல, ஞாபகப்படுத்துங்க"ன்னு சொல்லிச்சு. சரின்னேன்.

— எங்கிட்ட நீ சொல்லலையே.

— எங்க போனாலும் "அந்தம்மாவும் கூடப் பாடறவளும்"னுதானேக்கா சொல்றாங்க. கூடப் பாடறவளுக்கு ஒரு பேரு உண்டான்னு எவனாவது கேட்டிருக்கானா?

— போன் வந்தது எப்போ? எல்லாம் முடிஞ்ச பிறகுதானே? ஆமான்னு சொல்லுடி.

— கையெழுத்து குடுக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒம்பது நாள் இருந்துச்சுக்கா.